எழுத முடியாத நம்பர்

ஒன்பது வயதுப் பிள்ளையின் மலத்தைச் சோதித்துச் சொன்ன எண்ணை, அன்று மாலையே நாலு நம்பர் கடையில் கொண்டுபோய் எழுதிய ஆள் இந்த மலேசியாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இன்னொருவர் இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பிக்கலாம். தலைவர் பதவியை மட்டும் கேட்கக் கூடாது. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். ரோட்டில் கார் கவிழ்ந்து கிடந்தால் கை அடிபட்டவரைத் தூக்கும், கண் நம்பர் பிளேட்டைப் படிக்கும். சாவு வீட்டுக்குப் போனால் அழுதுகொண்டே வாசலில் இருக்கும் வீட்டு எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு வருவோம். நாலு இலக்கம் சேர்ந்தாற்போல் கண்ணில் பட்டால் போதும், சாமி நமக்கென்று தனியாக எதையோ சொல்ல வருகிறது என்று நம்பி, கடைக்குப் போய் அந்த நாலு இலக்கத்தின் மேல் காசு கட்டிவிடுவோம். ஆகவே, அந்த ஆஸ்பத்திரி அறையில் டாக்டரம்மா ஒரு தாளைப் பார்த்து நாலு இலக்கத்தை வாய்விட்டுச் சொன்னபோது, பக்கத்தில் என் அக்கா முந்தானை நுனியை வாயில் அழுத்திக்கொண்டிருக்க, என் மண்டைக்குள் மட்டும் ஏதோ கல்லாப்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. எண் விழவில்லை. ஆறுதல் பரிசுகூட இல்லை.

அந்தச் சீட்டு இத்தனை வருஷமாக என் லோரியில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே மடக்கி வைக்கும் வெயில் தட்டியில் செருகியே இருந்தது. கோலா தெர்லாவில் கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி, தலைநகரின் மொத்தச் சந்தையில் இறக்கிவிட்டு வருவது என் பிழைப்பு. பிரிஞ்சாங்குக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் அக்காவோடும் அவள் மகளோடும் ஒட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குத் தொழிற்சாலையில் தேயிலையைப் பாக்கெட் கட்டும் வேலை. அத்தான் சிங்கப்பூரில். வீட்டில் ஆண்பிள்ளை என்று ஒன்று வேண்டுமே என்று என்னை வைத்திருந்தார்கள். அந்தப் பதவிக்கு வேறு யாரும் மனுப் போடவில்லை. இங்கே நான் எழுதப் போவது அக்கா மகளைப் பற்றி. எழுதும்போது மலம் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். அந்தச் சொல்லை வெளியே சொல்லக் கூசியதால்தான் அந்தப் பிள்ளை ஒரு வருஷம் சும்மா வலித்துக் கிடந்தது.

முதலில் வயிற்றுவலி என்றாள். பிறகு ஓயாமல் கக்கூசுக்கு ஓடினாள். பள்ளிச் சட்டை அவள் மேல் தொங்க ஆரம்பித்தது. ஒரே வருஷத்தில் அவள் வயதுப் பிள்ளைகளெல்லாம் அவள் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டார்கள். லைனில் எல்லாருமே டாக்டர்கள் என்பதால் வைத்தியத்துக்குக் குறைவில்லை. கீரிப்பூச்சி என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். மிளகாய் என்றது ஒரு வீடு, மெகி மீ நூடுல்ஸ் என்றது எதிர்வீடு. ஒரு கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்; அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பரீட்சைப் பயமாக இருக்கும் என்றார்கள். கிளினிக்கிலிருந்து திரும்பும்போது அவள் அழவில்லை. லோரியின் கண்ணாடியில் மூச்சை ஊதி, அந்தப் புகைமேல் விரலால் கோடு போட்டுக்கொண்டே, "நான் நடிக்கல மாமா" என்றாள். "யாரும்மா நடிக்கிறேன்னு சொன்னா?" என்றேன். "எல்லாரும்தான். நீங்களும்தான்" என்றாள். நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நினைத்திருந்தேன். பள்ளிக்கு மட்டம் போடுவதில் நான் பெரிய கெட்டிக்காரனாக இருந்தவன் ஆதலால், என் புத்தியை அளவுகோலாக வைத்து அவளை அளந்திருந்தேன்.

அக்காவுக்குத்தான் முதலில் ரோஷம் வந்தது. ஒருநாள் மலத்தில் இரத்தத்தைப் பார்த்துவிட்டாள். அதன் பிறகு யாரிடமும் யோசனை கேட்கவில்லை. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி என் லோரியில் உட்கார வைத்து, "ஓட்டு" என்றாள். ரிங்லெட் வழியாக மலையிறங்கும் அந்தப் பாதையை நான் எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். ஆனால் எந்த வளைவு தாண்டினால் கக்கூஸ் இருக்கிறது என்று அவளை ஏற்றிக்கொண்டு போனபோதுதான் படித்தேன். ரிங்லெட்டில் பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடையில் சாவி கேட்டு வாங்க வேண்டும். அருவிக்கரைக் கடைவரிசையில் காசு கொடுத்தால் சுத்தமாக இருக்கும். நடுவில் ஒரு பெரிய வளைவில் ஒன்றுமே கிடையாது. அங்கே அக்கா சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் லோரியைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் ஹாரன் அடித்த சுற்றுலாப் பேருந்துக்கு என் தாய்மொழியில் வரவேற்புரை ஆற்றினேன். வெளியே வந்த பிள்ளை அந்தப் பேருந்தைப் பார்த்து ராணி மாதிரிக் கையசைத்தாள். அதற்கு முன் அவளை நான் பாவம் என்று நினைத்திருந்தேன். அந்தக் கையசைப்புக்குப் பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். புண். அங்கங்கே, திட்டுத் திட்டாக. அந்த டாக்டரம்மா எங்களிடம் பேசுவதற்கு முன் நாற்காலியை இழுத்துப் பிள்ளைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். நல்ல தமிழ் பேசுவார். "ஒங்க தோட்டத்துல ஜாகா இருக்காரா?" என்று கேட்டார். காவல்காரரை எங்கள் பக்கத்தில் ஜாகா என்போம். இருக்கிறார், எப்போதும் தூங்குவார் என்றாள் பிள்ளை. "ஒன் ஒடம்புக்குள்ளயும் ஜாகா இருக்காங்க. ஆயிரக்கணக்குல. கிருமி வந்தா அடிச்சு வெரட்டணும், அதான் வேல. ஆனா ஒன்னோட ஜாகாங்க தூங்கறதே இல்ல. திருடனே இல்லாதப்பவும் வீட்டுக்குள்ள பூந்து வீட்டுக்காரங்களையே அடிக்கிறாங்க. ஒன் கொடல்ல இருக்கற புண்ணெல்லாம் அவங்க அடிச்சது." பிள்ளை கொஞ்ச நேரம் தன் வயிற்றைப் பார்த்தாள். எத்தனை பேர் அடிக்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். சண்டை போடும்போது சட்டைப் பொத்தான் பிய்ந்து விழுமே, அதை எண்ணித்தான் என்றார் டாக்டரம்மா. அந்த ஜாகாக்களிடமிருந்து சிந்துகிற ஒரு புரதம் இருக்கிறதாம், கால்ப்ரொடெக்டின் என்று பெயர். அது மலத்தோடு வெளியே வரும். மலத்தில் அது எவ்வளவு என்று அளந்தால் உள்ளே எவ்வளவு பெரிய அடிதடி என்று தெரிந்துவிடும். இரத்தத்திலும் சில அளவுகள் பார்ப்பார்கள், ஆனால் சில பிள்ளைகளுக்கு இரத்தம் ஒன்றுமே நடக்காத மாதிரி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும் என்றார். "அப்ப பீதான் உண்ம பேசுதா?" என்றாள் எங்கள் வீட்டு ராணி. டாக்டரம்மா சிரிக்காமல், "ஆமாம்மா, அதுதான் உண்மை பேசுது" என்றார்.

அதன்பிறகுதான் அந்த நாலு இலக்கத்தைச் சொன்னார். அப்படியே அடுத்து என்ன என்பதையும் சொன்னார். இனிமேல் சில வாரங்களுக்குச் சோறு, ரொட்டி, மீ, மிட்டாய் எதுவுமே கிடையாது. ஆஸ்பத்திரி கொடுக்கும் ஒருவகைப் பால்மாவைக் கரைத்துக் குடிக்க வேண்டும். காலை, மாலை, எல்லா வேளைக்கும் அது மட்டும்தான். அதில் உடம்புக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. குடலுக்கு அப்படி ஓய்வு கொடுத்தால் ஜாகாக்கள் பல பிள்ளைகளுக்கு அடங்குகிறார்கள். திரும்பவும் மலத்தை அளந்து பார்ப்போம். நாலு இலக்கம் மூன்றாக இறங்கினால் சோறு சாப்பிட ஆரம்பிக்கலாம். என்றைக்காவது இரண்டாக இறங்கினால் குடல் ஆறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இறங்கவே இல்லையென்றால் நரம்பில் ஏற்றும் மருந்து, அதற்கும் அடங்காவிட்டால் கத்தி வைத்து அந்தத் துண்டுக் குடலை எடுக்க வேண்டியிருக்கும். கத்தி என்ற சொல் வந்ததும் பிள்ளை அக்காவின் கையைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல், "பாலே குடிக்கிறேன்" என்றாள்.

நான் அன்று மாலை என்ன செய்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அதை அக்கா கண்டுபிடித்த விதத்தைச் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட என் சட்டைப் பையில் கையை விட்டாள், சீட்டு வந்தது, எண்ணைப் பார்த்தாள். அந்த எண் அவள் நெற்றியிலேயே அச்சடித்தாற்போல் இருந்திருக்க வேண்டும். "எம் பிள்ள பீ மேல காசு கட்டுனியாடா நாயே!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்லைனில் கோழி பறந்தது. ஈரச்சட்டையாலேயே அடித்தாள். நான் அடுப்பங்கரைக்கும் வாசலுக்கும் ஓடினேன். இந்தக் கூத்தைப் பார்த்துக் கட்டிலில் சுருண்டு கிடந்த பிள்ளை சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. அடித்த கை அப்படியே நின்றுவிட்டது. "விழுந்துச்சா மாமா?" என்றாள். இல்லையென்றேன். "அப்ப அது ராசியில்லாத நம்பர். அடுத்த தடவ எழுதவே முடியாத நம்பரா நான் கொண்டாறேன், பாருங்க." கடையில் நாலு இலக்கம்தான் எழுதலாம் என்பது அவளுக்குத் தெரியும்; லைனில் பிறந்த பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு அந்தச் சீட்டை நான் கிழித்துப் போடப் போனேன். வேண்டாம் வச்சிருங்க என்று தடுத்தது அவள்தான்.

பால் வாரங்கள் ஆரம்பித்தன. தாய்மாமன் என்ற உரிமையில் நானும் அவளோடு பால் மட்டும் குடிக்கப் போவதாக, வீட்டு வாசலில் நின்று, நாலு பேர் கேட்கும்படி அறிவித்தேன். முதல் நாள் காலை ஒரு குவளை. அதன் சுவையைச் சொல்வதானால், வெனிலா வாசம் பூசிய சுண்ணாம்புத் தண்ணீர். மதியம் இன்னொரு குவளை. சாயங்காலம் என் கால்கள் என்னைக் கேட்காமலேயே பிரிஞ்சாங் பாசார் மாலம் என்கிற இரவுச் சந்தைக்குப் போய், மீ வறுத்துக் கொடுக்கும் ஒரு மீ கோரெங் கடைமுன் நின்றன. வாயை நன்றாகக் கொப்பளித்து, புதினா மிட்டாய் போட்டு, முகத்தைப் பசியாக வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். பிள்ளை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மோந்து பார்த்தாள். "மீ. முட்ட போட்டது" என்றாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. அக்காவும் அன்று எனக்குத் தெரியாமல் தொழிற்சாலையிலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள் என்பதும், வீட்டில் சமைக்கவே இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னாதீங்க. எம் முன்னாலயே தின்னுங்க. நான் பாத்துக்கிட்டே இருப்பேன், ஒண்ணும் ஆவாது."

அவள் சொன்னபடியே நடந்தது. நாங்கள் சோற்றைப் பிசைந்து சாப்பிட, அவள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பாலைக் குடித்தாள். கருவாடு பொரித்த நாளில் அக்காவால் விழுங்க முடியவில்லை, "தின்னுமா, நல்லாருக்குல்ல?" என்று அவளே ஊக்கம் கொடுத்தாள். எண் இறங்கிச் சோறு கிடைத்தால் முதல் வேளைக்கு என்ன வேண்டும் என்பதை முடிவு செய்து வைத்திருந்தாள். வெறும் வெள்ளைச் சோறு, மேலே பொரித்த முட்டை, அதன் மேல் கிச்சாப் என்கிற கறுப்புச் சோயா சாஸ். கறியும் கோழியும் கேட்கவில்லை. அந்தக் கறுப்புக் கிச்சாப் போத்தலை அலமாரியின் மேல்தட்டில் எல்லாரும் பார்க்கும்படி வைத்து, சாமி படத்தைப் பார்ப்பதுபோல் தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்வாள். திருட்டுத்தனமாக ஒரு வாய், ஒரு பிஸ்கட், ஒரு பருக்கை அவள் தின்றதில்லை. நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆகவே சொல்லவில்லை.

லைன் சும்மா இருக்குமா? சோறு போடாத தாய் என்று அக்காவுக்குப் பெயர் வந்தது. பிள்ளையைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறாள் என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் உண்மையான அக்கறையோடு ஒரு டப்பா மாவைக் கொண்டுவந்து கொடுத்து, "இத குடுத்துப் பாருலா, எதிர்ப்புச் சக்தி கூடும்" என்றார். அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவளுக்கு இருக்கற சக்தியே ஜாஸ்திக்கா. அதக் கொஞ்சம் கொறைக்கத்தான் கீழ எறங்கி ஏறிக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மா போகும்போது குரலைத் தாழ்த்தி, "இந்த மாதிரி எடத்துல சீக்குன்னு வெளிய சொல்லாத. நாளைக்குப் பொண்ணக் கட்டிக் குடுக்கணும்ல" என்றார். "கட்டறவன் கட்டுவான், கட்டாதவன் போவான்" என்றாள் அக்கா. அதுவரை யார் கேட்டாலும் "கேஸ்ட்ரிக்" என்று மழுப்பிக்கொண்டிருந்தவள்தான் அவளும். அன்றிலிருந்து நிறுத்திக்கொண்டாள்.

தோட்டத்துக் கோயில் திருவிழா அந்த வாரங்களுக்கு நடுவில் வந்தது. எங்கள் கோயிலில் திருவிழா அன்னதானத்தில் உட்கார்ந்துவிட்டு ஒரு வாயாவது தொடாமல் எழுந்தால் அது சாமியை அவமதிப்பது. வராமலே இருந்திருக்கலாம். வருவேன் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தாள். பால் போத்தலைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாழையிலைக்கு முன்னால், எனக்கும் அக்காவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கோயில் தலைவர் தாமே வாளியோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், குரல் மட்டும் கொஞ்சம் பெரிது. அவள் இலையை மடித்து வைத்திருப்பதைப் பார்த்து நின்றார். "என்னம்மா இது, சாமி சோத்த வேணாங்கிற? ஒரு வாய் தின்னு. எல்லாச் சீக்கும் ஓடிப்போயிரும்." கரண்டி இலைக்கு மேலே வந்துவிட்டது. அக்கா வேண்டாங்க என்றாள், அவர் கேட்கவில்லை. பந்தியே திரும்பிப் பார்த்தது. நான் எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துச் சமாளிப்பவன் என்று பெயர். அன்றைக்கு என் வாயில் சோறுதான் இருந்தது.

பிள்ளை எழுந்து நின்றாள். "தாத்தா, எனக்குக் கொடல்ல புண்ணு. வெளிய போனா ரெத்தம் வருது. பாலு மட்டுந்தான் குடிக்கணும், இல்லாட்டி வயித்த அறுப்பாங்க" என்று கணீரென்று சொன்னாள். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கு முன்னாலும் வெளிக்கிப் போவதைப் பற்றிப் பேசிய முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும். யாரோ ஒருவர் இலையை விட்டு எழுந்தே போனார். தலைவர் கரண்டியை எடுக்கவில்லை. "சாமிய விடப் பெரிய டாக்டரா?" என்றார். அதற்கு அவள் சன்னிதியைக் கைகாட்டினாள். உள்ளே அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. "சாமிக்கும் பால்தானே ஊத்திக்கிட்டு இருக்கீங்க? நானும் அதேதான் குடிக்கிறேன்" என்று சொல்லி, போத்தலைத் திறந்து, நின்றபடியே மடக் மடக்கென்று குடித்து முடித்துவிட்டு உட்கார்ந்தாள். சாமிக்குப் பொங்கலும் படைக்கிறோம் என்று அவர் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் கரண்டியில் இருந்த சோற்றை வழித்து என் இலையில் கொட்டிவிட்டுப் போனார். எனக்கு அது மூன்றாவது தடவைச் சோறு, அதையும் தின்றேன்.

ஒருவழியாக வாரங்கள் ஓடின. அளப்பதற்கான நாள் வந்தது. மலம் ஐஸில் இருக்க வேண்டும் என்றார்கள். மலையில் ஐஸில் போகும் பொருள் ஸ்ட்ராபெரிதான் என்பதால், ஸ்ட்ராபெரி அனுப்பும் வெள்ளைப் பெட்டி ஒன்றில் அந்தச் சின்ன டப்பாவை வைத்து, சுற்றி ஐஸ் அடைத்து, என் பக்கத்து இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் லோரி ஓட்டியதில்லை. பின்னால் இருந்த கோஸுக்கும் தக்காளிக்கும் அந்த மரியாதை என்றைக்கும் கிடைத்ததில்லை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தபின் காத்திருந்தோம். அக்கா தொழிற்சாலைக்குப் போனை எடுத்துப் போக அனுமதி வாங்கியிருந்தாள். பிள்ளை கிச்சாப் போத்தலைத் துடைத்து வைத்தாள். போன் வந்தபோது மூன்று பேரும் வீட்டில்தான் இருந்தோம்; அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, காதில் வைத்தபடி சுவரைப் பார்த்தே நின்றாள். பிறகு வைத்துவிட்டு, ஒவ்வொரு இலக்கமாக, எண்ணிச் சொன்னாள். மூன்று. மூன்று இலக்கத்தோடு நின்றுவிட்டது.

பிள்ளை என்னைத்தான் பார்த்தாள். "எழுதுங்க மாமா பாப்போம்!" என்றாள். நான் நாக்கை அடக்கியிருக்க வேண்டும். "முன்னால ஒரு சைபர் போட்டா எழுதலாமே" என்றேன். அக்கா கரண்டியைத் தேடினாள். பிள்ளை யோசித்தாள், சட்டம் தெரிந்தவன் மடக்கிவிட்டான் என்பதை ஒப்புக்கொண்டாற்போல் தலையாட்டினாள். "சரி. அப்ப ரெண்டு சைபர் போடற மாரி ஒருநாள் கொண்டாறேன். அன்னைக்கு அந்தச் சீட்டக் கிழிச்சுப் போடுங்க" என்றாள். முட்டை பொரிந்தது. அவள் முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு, மெல்லாமல், கண்ணை மூடி அப்படியே இருந்ததைப் பார்த்தபின் என் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். என் பங்கு முட்டையையும் அவளே தின்றாள்.

கதை அங்கே முடிந்துவிட்டதென்று நினைப்பவர்கள்தான் இன்றைக்கும் என்னைக் கடையில் பார்த்து, "ஒம் மருமவளுக்குக் கொணமாயிருச்சா?" என்று கேட்கிறார்கள். இல்லை. இது குணமாகிற சமாச்சாரம் இல்லை. அடக்கி வைக்கிற சமாச்சாரம். ஜாகாக்களை அடக்க மாத்திரை. சில வருஷம் அடங்கியிருந்தார்கள், சில வருஷம் சுவரேறிக் குதித்தார்கள். ஒரு சைபர் போடுகிற எண்ணுக்கும் சைபரே போட முடியாத எண்ணுக்கும் நடுவில் அவள் வளர்ந்தாள். இரண்டு சைபர் ஒருமுறையும் வரவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடினாள். கடைசியாகத்தான் வந்தாள், ஓடி முடித்துவிட்டு நேராகக் கக்கூசுக்கு இன்னொரு ஓட்டம் ஓடினாள், அதிலாவது நான்தான் முதல் என்று சொல்லிச் சிரித்தாள். புது வகுப்புக்குப் போனால் முதல்நாளே ஆசிரியரிடம், நான் கேட்காமல் எழுந்து போவேன், ஏன் என்று கேட்டால் விவரமாகச் சொல்லுவேன் என்று எச்சரித்துவிடுவாள். யாரும் கேட்டதில்லை. "இவ்ளோ சின்னப் பொண்ணுக்கு இப்பிடி ஒரு கஷ்டமா" என்று உச்சுக் கொட்டும் சொந்தக்காரர்களுக்கென்று அவளிடம் ஒரு பார்வை உண்டு. அதன் முன்னால் உச்சு பாதியிலேயே நின்றுவிடும்.

இப்போது அவள் மலையில் இல்லை. கீழே ஒரு கல்லூரியில் வாகனம் பழுது பார்க்கும் படிப்புப் படிக்கிறாள். என் லோரியில் ஏறி இறங்கியே எஞ்சின் சத்தத்தில் காது பழகிவிட்டதாம். எனக்குப் பழகவில்லை என்பதுதான் அவள் குற்றச்சாட்டு. போனில் பேசினால் நலமா என்று கேட்பதற்கு முன் கிளட்ச்சை மாற்றினீர்களா என்று கேட்பாள். போன வருஷம் எண் மறுபடி நாலு இலக்கத்துக்கு ஏறியது. மாத்திரைகளுக்கு அடங்கவில்லை. நரம்பில் ஏற்றும் மருந்தை ஆரம்பித்தார்கள். இதற்கும் இறங்காவிட்டால் அடுத்தது கத்திதான் என்று, அவள் ஒன்பது வயதில் கேட்ட அதே வாக்கியத்தை, வேறொரு டாக்டர் சொன்னார். அக்கா உடைந்துபோனாள். அவள் மட்டும் மருந்து ஏறுகிற கையைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "எண்ணெய் மாத்துறாங்க" என்று எழுதினாள்.

இன்று மலத்தை அளந்த முடிவு வர வேண்டிய நாள். காலையில் கோலா தெர்லாவில் சரக்கு ஏற்றியபோதே எனக்குக் கணக்கு எல்லாம் தப்பிப்போனது. கோஸ் கூடையைத் தக்காளிமேல் வைத்துக் கட்டிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். ரிங்லெட்டில், அணைத் தண்ணீர் தெரிகிற இடத்தில், லோரியை ஓரமாக நிறுத்தினேன். எதிரே அதே எண்ணெய்க் கடை. சாவி கேட்டு வாங்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. கக்கூஸ் கதவைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். வெயில் தட்டியை இறக்கி அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அது சூட்டில் அச்சாகும் தாள். இத்தனை வருஷ வெயிலுக்கு எழுத்தெல்லாம் போய், கடையின் பெயரும் போய், வெறும் மஞ்சள் தாளாக இருந்தது. அந்த நாலு இலக்கம் என்னவென்று இப்போது யாராலும் படிக்க முடியாது. எனக்கும் அக்காவுக்கும் அவளுக்கும் மட்டும் மனப்பாடம். அப்போது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியில் மூச்சை ஊதிக் கோடு போட்ட பிள்ளையின் இடத்தில் இன்று என் சாப்பாட்டுப் பொட்டலம்தான் இருந்தது. சோறு, முட்டை, கிச்சாப். பிரிக்கவில்லை.

நலமா என்று கேட்டு எழுதத்தான் போனை எடுத்தேன். பயமாக இருக்கிறதா, வரட்டுமா, ஒன்றும் ஆகாது, மாமா இருக்கிறேன் என்று என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். பத்து வருஷமாக அவள் யாரையும் தன்னிடம் அப்படிப் பேச விட்டதில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே மொழியில் கேட்டேன்: "எத்தன சைபர்?"

சீட்டை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தேன். பதில் வந்தது.

"ரெண்டு. கிழிச்சுட்டு ரோட்டப் பாத்து ஓட்டுங்க."